கண்ணு தெரியாத பிஸ்கட் டின்

...கண் ஆஸ்பத்திரின்னா எல்லாக் கண்ணும்தானே நோரா? மனுஷாள் கண்ணு மட்டும்தான் பார்க்கப்படும்னு வாசல்ல போர்டா மாட்டியிருக்கா? உக்காருங்கோ, உக்காருங்கோ. நைட் ட்யூட்டி முடிஞ்சு வரேள், பார்த்தாலே தெரியறது. மாடிப்படி ஏறிண்டிருக்கறவாளை இப்படி நடுவுல மடக்கி உள்ளே கூட்டிண்டு வரது தப்புதான். ஆனா எனக்கு வேற யாரைத் தெரியும், நீங்களே சொல்லுங்கோ. இந்த மயிலாப்பூர்ல தடுக்கி விழுந்தா ஒரு வக்கீல், ஒரு ஆடிட்டர், ஒரு பாட்டு டீச்சர். கண்ணைப் பத்தித் தெரிஞ்சவா ஒருத்தரும் கிடையாது. மூணாவது மாடிக்கு வந்திருக்கறவா கண் ஆஸ்பத்திரில நர்ஸுன்னு வாட்ச்மேன் சொன்ன அன்னிக்கே நினைச்சுண்டேன், பகவானாப் பார்த்து அனுப்பியிருக்கார்னு.

காலைத் தூக்கிக்கோங்கோ. தூக்கிக்கோங்கோன்னா... இதோ, சோபாவுக்கு அடிலேர்ந்து வரது பாருங்கோ. இதுதான் பேஷண்ட்.

சிரிக்காதேங்கோ. ஆமா, பிஸ்கட் டின்தான். சக்கரம் வெச்ச பிஸ்கட் டின். எங்க ஹம்சினி ப்ளஸ் ஒன் படிக்கறாளோன்னோ, ஸ்கூல்ல சயன்ஸ் எக்ஸிபிஷன், ரோபோ பண்ணப் போறேன்னா. நானும் ரோபோன்னா கையும் காலுமா ஒரு ஆள் மாதிரி நிக்கும், மொட்டை மாடில துணியாவது உலர்த்திட்டு வரும்னு ஆசையா இருந்தேன். இவ என்னடான்னா தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின்னை எடுத்து ஓட்டை போட்டா. அவப்பாவோட டேப்ரிக்கார்டரைப் பிரிச்சு மோட்டாரை உருவினா. "இதுக்குக் கை எங்கேடி?"ன்னேன். "கையெல்லாம் அவசியமில்லேம்மா, மூணு காரியம் தெரிஞ்சாப் போறும், அது ரோபோ. சுத்தி என்ன இருக்குன்னு உணரணும். அதுக்கேத்தாப்பல முடிவெடுக்கணும். எடுத்த முடிவுப்படி நகரணும்"னா. அப்படிப் பார்த்தா எங்காத்துக்காரர் ரோபோவா ஆகறதுக்கே இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. உணருவார், முடிவும் எடுப்பார், நகரமாட்டார். ஈஸிசேரோட சரி.

அவரை ஒண்ணும் சொல்லப்படாது இப்போ. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார். மாலை போட்டுண்டா ஆத்துக்காரரே ஆனாலும் சாமின்னுதான் கூப்பிடணும், தெரியுமோ? சாமி, கேஸ் தீர்ந்து போச்சு. சாமி, ஈரத்துண்டைக் கட்டில்மேல போடாதேங்கோ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து "ஏன்னா"ன்னு கூப்பிட்டவருக்குத் திடீர்னு ப்ரமோஷன். நான் திட்டறச்சேயும் கன்னத்துல போட்டுண்டு திட்ட வேண்டியிருக்கு.

எங்கே விட்டேன்? ஆங், கண்ணு. முதல்ல இதுக்குக் கண்ணே கிடையாது நோரா. முன்னாடி ரெண்டு கம்பி நீட்டிண்டிருக்கும், கரப்பான்பூச்சிக்கு மீசை இருக்குமே, அந்த மாதிரி. அது எது மேலயாவது பட்டா உள்ளே ஒரு சுவிட்ச் அமுங்கும், வண்டி பின்னால நகர்ந்து வேற பக்கம் திரும்பும். டச் சென்ஸார்னு பேராம். நன்னாத்தான் வேலை செஞ்சுது. ஆனா எந்த ஆத்துல வந்து பொறந்திருக்கோம்னு ஒரு யோசனை வேண்டாமோ அதுக்கு? நான் கார்த்தால குளிச்சு, மடிப்புடவை கட்டிண்டு, நைவேத்யத்தைக் கையில ஏந்திண்டு யார் மேலயும் படாம வந்துண்டிருக்கேன். விர்ருனு வந்து கால்ல மீசையை வெச்சுடுத்து. போச்சு, மடி போச்சு. மறுபடியும் குளியல். மறுநாளும் அதே கூத்து. மழைக்குளிர்ல பச்சைத்தண்ணியைத் தலையில ஊத்திண்டு ஊத்திண்டு எனக்குத் தும்மல் வந்துடுத்து. "ஏண்டி, அதைத் தொடாம இருக்கச் சொல்லேன்"னா, "தொட்டாத்தாம்மா அதுக்குத் தெரியும்"ங்கறா. தொட்டப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம் நோரா? எங்காத்துல தொடறதுக்கு முன்னாடின்னா தெரியணும்.

கோச்சுப்பாளோன்னு பார்த்தேன். கோச்சுக்கலை. பேனாவைக் கடிச்சுண்டு யோசிச்சா. அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டுல எலக்ட்ரானிக் சாமான் கடைக்குப் போய் என்னமோ பொட்டலம் வாங்கிண்டு வந்தா. குனிஞ்சு பாருங்கோ, டின்னுக்கு முன் பக்கம் ஜோடி ஜோடியா சின்ன பல்ப் இருக்கா? வெள்ளையா இருக்கே, அது வெளிச்சம் விடறதாம். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இன்ஃப்ராரெட்டாம். டிவி ரிமோட்டுல இருக்கே, அதே ஜாதி. எதிர்ல சுவரோ ஆளோ இருந்தா அந்த வெளிச்சம் பட்டுத் திரும்பி வருமாம். பக்கத்துல மிளகு மாதிரி கறுப்பா ஒண்ணு இருக்கே, அதுதான் கண்ணு. திரும்பி வர வெளிச்சத்தை அது பிடிச்சுக்கும். பிடிச்ச உடனே, சரி எதிர்ல யாரோ இருக்கான்னு வண்டி விலகிடும். வெளிச்சம் திரும்பி வரலைன்னா வழி காலியா இருக்குன்னு அர்த்தம், நேரே போகும்.

நீங்க அன்னிக்கு வந்து பார்த்திருக்கணும். நான் மடிப்புடவையோட நடு ஹால்ல நிக்கறேன். இது என்னைப் பார்த்து வரது. நான் ஸ்வாமி பேரைச் சொல்லிண்டு கண்ணை மூடிண்டேன். கிட்டக்க வந்து, ஒரு ஜாண் தூரத்துல நின்னு, மரியாதையா விலகிப் போச்சு நோரா. எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. இந்த ஆத்துல என்னைத் தவிர மடின்னா என்னன்னு தெரிஞ்ச ஜீவன் இது ஒண்ணுதான்னு தோணித்து. வெள்ளிக்கிழமை சகஸ்ரநாமம் சொல்ல வந்தவா எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் காட்டினேன். ஒவ்வொரு மாமியையும் பார்த்து விலகி விலகிப் போச்சு. முதல் மாடி ஜானகி இருக்காளே, சகஸ்ரநாமத்தையே மறந்துட்டு வாயைப் பிளந்துண்டு நின்னா.

அய்யய்யோ, ஃப்ரிட்ஜுல போய் முட்டிண்டு நிக்கறது பாருங்கோ. இருங்கோ, துடைப்பத்தால திருப்பி விடறேன்... ம், போ. இப்படித்தான், எதுலயாவது முட்டிண்டு நின்னு முனகும். உங்களுக்குக் காட்டலாம்னு போட்டுட்டேன், அணைக்கறது எப்படின்னு அவகிட்ட கேட்டுக்கலை. காபி ஆறறது, குடியுங்கோ.

மறுநாள் சனிக்கிழமை எங்காத்துல ஐயப்ப பூஜை. சாமியோட மலைக்குப் போறவா எல்லாரும் வந்திருந்தா. குருசாமி கோடம்பாக்கத்துக்காரர், ஸ்டுடியோவுல லைட் போடறவர், வருஷா வருஷம் அவர்தான் இவாளை எல்லாம் மலைக்குக் கூட்டிண்டு போறது. கூடம் முழுக்கக் கறுப்பு வேஷ்டி. இருமுடிக்குத் தேங்காய்ல ரொப்பறதுக்கு நெய் உருக்கி வெச்சிருந்தேன். நான் பேசாம அதைக் கையில எடுத்துண்டு போயிருக்கலாம். நாலு பேர் பார்க்கட்டுமேன்னு கிண்ணத்தை இது தலையில வெச்சு அனுப்பினேன். ஹம்சினி வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. குருசாமி கண்ணை மூடிண்டு சம்மணம் போட்டு உக்காந்து சரணம் சொல்லிண்டிருக்கார். இது நேரே போறது. விலகப் போறது, விலகப் போறதுன்னு நான் பார்த்துண்டே இருக்கேன். விலகவே இல்லே. அவர் முட்டியில மோதி, மடியில ஏறி, கிண்ணம் கவிழ்ந்து, தொப்புள்லேர்ந்து பாதம் வரைக்கும் நெய். அவர் மெதுவா கண்ணைத் திறந்து, "இன்னாமா இது, மலைக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்கு நெய்யபிஷேகம் பண்ட்டீங்க"ன்னார். கோச்சுக்கலை, பாவம். எனக்குத்தான் மானம் போச்சு.

ஹம்சினி தரையிலேயே உக்காந்து யோசிச்சா. கறுப்புதான் காரணம்னா. கறுப்புத் துணி வெளிச்சத்தை முழுங்கிடும், திருப்பி அனுப்பாது, அதனால வண்டிக்கு எதிர்ல ஆளே இல்லேன்னு தோணும்னா. குருசாமியும், "பாப்பா சொல்றது கரீட்டு. லைட் வோணாங்கற எடத்துல நாங்க கறுப்புத் துணிதான் கட்டுவோம், அப்டியே துன்னுடும்"னார். ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா நான் என்ன பேசறது? மறுநாள் சாமியைப் பாண்டி பஜாருக்கு அனுப்பி ரெண்டு காவி வேஷ்டி வாங்கிண்டு வரச் சொன்னேன். குடையைப் பரண்ல போட்டேன். தோசைக்கல்லை அலமாரிக்குள்ள ஒளிச்சேன். நானும் பழைய வெள்ளைப் புடவையா எடுத்துக் கட்டிண்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துது, தலைமுடி கறுப்பா இருக்கே? கீழே உக்காந்து கோலம் போடறச்சே, காய் நறுக்கறச்சே எல்லாம் தலையில வெள்ளைத்துண்டு. உங்க ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போற மாதிரி இருந்தேன்.

அப்புறமும் மோதறது நோரா. காவி வேஷ்டில மோதறது. வெள்ளைச் சுவத்துல மோதறது. இப்போ பார்த்தேளே, ஃப்ரிட்ஜ் என்ன கறுப்பா? சரி, கறுப்பு மேல தப்பில்லேன்னு ஆச்சு. உடனே ஹம்சினி ஸ்கூல்ல பிஸிக்ஸ் சாருக்கு போன் பண்ணினா. அல்போன்ஸ்னு ஒருத்தர். அவர் சொல்றார், வெய்யில்லயும் இந்த இன்ஃப்ராரெட் இருக்காம், ஜன்னல் வழியா வந்து கண்ணைக் குழப்பிடுமாம். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போனை வெச்சுட்டார். அன்னிலேர்ந்து எங்காத்துல சூரிய பகவானுக்கு உள்ளே வர அனுமதி கிடையாது. ஜன்னலுக்கு ஜன்னல் போர்வை. அதான் இப்படி இருட்டா இருக்கு, நீங்க கேக்கலாமா வேண்டாமான்னு பார்த்துண்டிருந்தேளே. பட்டப்பகல்ல விளக்கைப் போட்டுண்டு அரிசி களையறேன். எந்த வாத்தியாராவது ஆத்துல ஒருத்தி சமைக்கணும், அவளுக்கு வெளிச்சம் வேணும்னு நினைப்பாரோ? படிச்சுட்டா போறுமா, கொஞ்சம்...

என்ன? உங்க கொழுந்தனாரா? அல்போன்ஸ் சாரா?

நான் தப்பா ஒண்ணும் சொல்லலை. ரொம்ப நல்ல மனுஷர். ஹம்சினி உயிரையே விடுவா. வெய்யில் ஒண்ணுதான் அவருக்கு ஆகாது போலிருக்கு.

இருட்டுலயும் மோதித்து, அதைச் சொல்றேன். சரி பாட்டரின்னு பாட்டரி மாத்தினா. ஒயரெல்லாம் பிரிச்சு மறுபடியும் சால்டர் வெச்சா. ஆத்துல ஈயம் தீயற வாசனை, நான் சாம்பிராணி போட்டுப் போட்டுப் பார்க்கறேன், போகமாட்டேங்கறது. கடைசில கண்ணையே மாத்திட்டா. பழசைப் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசு. அன்னிக்கு ராத்திரி பார்க்கணுமே, அப்படியே பழையபடி, எல்லாரையும் பார்த்து விலகறது. சாமி சந்தோஷத்துல சரணம் போட்டார். ஹம்சினி சிரிச்சா, நான் அவ சிரிச்சுப் பார்த்தே எத்தனையோ நாளாச்சு. கார்த்தால எழுந்து ஓட்டினா, டமால்னு கதவுல. மறுபடியும் குருடு. திரும்பவும் கண்ணு மாத்தினா. ராத்திரி தெரியறது, கார்த்தால தெரியலை. மாலைக்கண்ணுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இது அதுக்கு நேர் விரோதமா இருக்கே, இதுக்கு உங்க ஆஸ்பத்திரில என்ன பேரு?

விளையாட்டில்லே நோரா. நாளன்னிக்குத் திங்கக்கிழமை எக்ஸிபிஷன். நேத்து ராத்திரி அவ அந்த சால்டர் குச்சியைக் கீழே வெச்சுட்டு, "அம்மா, எனக்கு இது வராதும்மா. பொங்கலுக்கப்புறம் சயன்ஸ் குரூப்பை விட்டுட்டு காமர்ஸ் மாறிடறேன்"னா. அழலை. அழுதிருந்தா தேவலை, ரெண்டு அதட்டு அதட்டியிருப்பேன். சாதாரணமா, நாளைக்கு ரசம் வேண்டாம்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போய்ப் படுத்துண்டுட்டா. மூணாங்கிளாஸ்லேர்ந்து ரேடியோவைப் பிரிச்ச பொண்ணு. எத்தனை அடி வாங்கியிருக்கா அதுக்காக. இப்போ ஒரு பிஸ்கட் டின்னுக்குத் தோத்துப் போய் உக்காந்திருக்கா. கார்த்தால சாமிதான் வலுக்கட்டாயமா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிண்டு போயிருக்கார், இன்னொரு ஜோடிக் கண்ணு வாங்க. அவ முகத்துல களையே இல்லே. இந்தத் தடவையும் வேலை செய்யலைன்னா எக்ஸிபிஷனுக்கு வேற யாரையாவது வெச்சுக்கோங்கோன்னு அல்போன்ஸ் சாருக்குச் சொல்லிடப் போறாளாம்.

அதான் உங்களை மடக்கினேன். தொட்டுப் பார்க்கறதானா பாருங்கோ, பரவாயில்லே. தூக்கிக்கோங்கோ... சக்கரம் சுத்திண்டேதான் இருக்கும், கடிக்காது. ஆங், அந்தக் கறுப்புதான். வெளிச்சத்துக்கிட்ட வேணா வாங்கோ, போர்வையை விலக்கறேன். என்ன அப்படி உத்துப் பார்க்கறேள்? சொட்டு மருந்தா? அதெல்லாம் ஒண்ணும் விடலை, அது கண்ணாடிதானே. இல்லே, குழந்தைகள் யாரும் இந்தப் பக்கம் வரது கிடையாது. வேலைக்காரி கிட்டவே போகமாட்டா, அவளுக்குப் பயம். யாரும் தொடறதில்லே. நானும் கார்த்தால மை இடறதோட சரி.

மைதான். கண் மை.

என்ன அப்படிப் பார்க்கறேள்? கடை மையா என்ன, நானே எடுத்தது. விளக்கெண்ணெய் தீபத்துக்கு மேல தாம்பாளத்தைக் கவுத்து, கரி பிடிச்சதும் வழிச்சு, நெய் விட்டுக் குழைச்சது. கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. அழியவும் அழியாது. ஹம்சினிக்குப் பொறந்ததுலேர்ந்து அதான் இட்டேன். இதுக்கு ஏன் இட்டேனா? நீங்க ஜானகியைப் பார்த்ததில்லே, அதான் கேக்கறேள். அன்னிக்கு வாயைப் பிளந்துண்டு நின்னாளே, "உம் பொண்ணுக்கு இத்தனை மூளையா விசாலாக்ஷி"ன்னு சொன்னா. அவ வாயால மெச்சினா அடுத்த வாரம் அது இருக்காது. எங்காத்து மிக்ஸி அப்படித்தான் போச்சு. அதனால மறுநாள் கார்த்தால குளிச்சுட்டு வந்து, ஸ்வாமிக்கு விளக்கேத்தினதும், திருஷ்டி படாம இருக்கட்டும்னு ரெண்டு கண்ணுலயும் ஒரு தீத்தல். கறுப்புல கறுப்பு, வெளில தெரியவே தெரியாது. ஹம்சினிக்குத் தெரிஞ்சா மூடநம்பிக்கைன்னு குதிப்பா, அதனால அவ எழுந்துக்கறதுக்கு முன்னாடியே இட்டுடுவேன். நாளுக்கு நாள் மோசமா ஆயிண்டே போச்சா, சரி, திருஷ்டி பலமா இருக்குன்னு நானும் கொஞ்சம் தடிமனாவே... புதுக் கண்ணு போட்டாளே, அதுக்கும்தான். அது என்ன பாவம் பண்ணித்து?

பையில பஞ்சு வெச்சிருக்கேளா? ஸ்பிரிட் வாசனை வரது. தொடைக்கறேளா? தொடைச்சுட்டா ஜானகி கண்ணு... சரி சரி, தொடைங்கோ. உங்க வேலை, உங்களுக்குத் தெரியாதா. அடேயப்பா, பஞ்செல்லாம் கரியா வரதே. அந்தப் பக்கமும் அப்படித்தானா?

கீழே விடுங்கோ பார்ப்போம். ஃப்ரிட்ஜைப் பார்த்துப் போறது. துடைப்பம் எங்கே...

திரும்பிடுத்து.

இருங்கோ, கதவைப் பார்த்துப் போறது. அங்கேயும் திரும்பிடுத்து. இப்போ என்கிட்ட வரது நோரா. நான் நகரமாட்டேன். வரட்டும்...

விலகிப் போயிடுத்து. பார்த்தேளா, ஒரு ஜாண் தள்ளி.

அந்தப் பஞ்சை இப்படிக் குடுங்கோ.

அப்போ அவ பண்ணினது எல்லாம் முதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்துதா? குருசாமி வேஷ்டி மேல தப்பில்லே. உங்க கொழுந்தனார் வெய்யில் மேல தப்பில்லே. அவ ராத்திரி கண்ணு முழிச்சு சரி பண்ணி வெச்சுட்டுப் படுத்துப்பா, நான் கார்த்தால குளிச்சு, மடியா வந்து, அதோட கண்ணைக் குத்தியிருக்கேன். தினமும். விளக்கேத்தி வெச்சுட்டு.

அவளை முகத்துக்கு நேரே நான் ஒரு தடவைகூட நன்னாயிருக்குன்னு சொன்னதில்லே நோரா. ஜானகிக்குச் சொன்னேன், வாட்ச்மேனுக்குச் சொன்னேன், வந்தவா போனவா எல்லார்கிட்டயும் சொன்னேன். அவகிட்ட மட்டும் சொல்லலை. பெத்தவ கண்ணே பட்டுடுமோன்னு பயம். சொல்ல முடியாததுக்குப் பதிலாத்தான் மை இட்டேன்னு வெச்சுக்கோங்கோளேன்.

கேட் சத்தம் கேக்கறது. அவாதான்.

சொல்லாம விட்டுட்டா என்ன? புதுக் கண்ணைப் போடுவா, வேலை செய்யும், எக்ஸிபிஷனுக்குக் கொண்டு போவா. நாளைக்கு நான் மை இடாம இருந்துட்டா முடிஞ்சு போச்சு. யாருக்கும் தெரியாது. இல்லையா? உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இல்லே, அது சரியா வராது. அப்போ தப்பு அவ பேர்லயே நின்னுடும். அவளுக்கு வராமத்தான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுண்டே இருப்பா, காமர்ஸ்லயும் அதே நினைப்போட உக்காந்திருப்பா. நோரா, நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கோளேன். நர்ஸ் சொன்னா கேட்டுப்பா. நான் சொன்னா வார்த்தை சரியா வராது. இத்தனை நாழி பேசினேனே, இப்போ பாருங்கோ, நாக்கு எழும்பலை... எங்கே எழுந்துண்டுட்டேள்? காபியைப் பாதி வெச்சுட்டு... நோரா, இருங்கோ, அவ வந்ததும் ஒரு வார்த்தை...

போயிட்டா. படி ஏறிட்டா.

வா ஹம்சினி. சாமி, நீங்களும் வாங்கோ. இல்லே, ஒண்ணும் ஆகலை, போர்வையை நான்தான் எடுத்தேன். வெளிச்சம் வரட்டும். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதேடி. புதுக் கண்ணு வேண்டாம். அதோ பாரு, உன்னைப் பார்த்துட்டுத் திரும்பறது பாரு. நன்னாப் பண்ணியிருக்கே. நீ பண்ணினது முதல் நாள்லேர்ந்தே நன்னாத்தான் இருந்தது. கெடுத்தது நான்.